டிரம் திரும்பிய வெள்ளிக்கிழமை

நான் வேலை பார்த்த ஏசி காண்டிராக்ட் கம்பெனியில் இப்போது பெரிய யூனிட்டுகளை ஸ்டார்ட் பண்ணப் போகிற பெண்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஷாஹீன் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. போன வாரம் போன் பண்ணினாள்.

"மேடம், இப்ப வர்ற யூனிட்ல ஃபேஸ் மாறி இருந்தா அதுவே ஸ்க்ரீன்ல காட்டிட்டு நின்னுடுது. அப்புறம் எதுக்கு அந்த மீட்டரத் தூக்கினு போவணும்?"

"நின்னுடும், சரி. ஏன் மாறிச்சு, யாரு மாத்தினாங்கன்னு அது எழுந்து போய் விசாரிக்குமா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டு, "அந்த ஆம்பூர் கதைய எழுதிக் குடுங்க மேடம். நான் சொன்னா இங்க ஒருத்தரும் நம்ப மாட்டேன்றாங்க" என்றாள். நான் ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். எழுதிவிடுகிறேன். நடுநடுவே தற்பெருமை அடிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வேலையில் இருந்தவரை அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

பிறந்து வளர்ந்தது ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்தேன். எங்கள் வகுப்பில் பெண்கள் குறைவு, படிப்பை முடித்து வேலைக்குப் போனவள் நான் மட்டும். வேலூர் கம்பெனியில் என்னை வயரிங் வேலைக்கு எடுத்ததாகத்தான் சொன்னார்கள், ஆனால் உட்கார வைத்தது ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்ட்டரில். "வசந்தா, ரிலே எடு, வசந்தா, கன்டாக்டர் எடு" என்று வருஷக்கணக்காக ஓடியது. சைட்டுக்குப் போகிற ஆம்பளைகள் திரும்பி வந்து கதை கதையாகச் சொல்வார்கள். நான் ஸ்க்ரூவை எண்ணிக்கொண்டு எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு வயர்மேன் துபாய்க்குப் போய்விட்டதால் எனக்கு விடிவு வந்தது. என்னை சைட்டுக்குக் கூட்டிப் போனவர் அன்வர் சார், எங்கள் சர்வீஸ் இன்ஜினீயர். வாணியம்பாடிக்காரர். வெள்ளை முழுக்கைச் சட்டை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நம் ஸ்க்ரூடிரைவரைத் தொட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். வயரிங் முடிந்ததும் வந்து ஒவ்வொரு ஒயரையும் இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்ப்பார். ஏதாவது ஒன்று கழன்று வந்தால் அதை நம் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திட்டினால்கூடத் தாங்கலாம், அதைத் தாங்க முடியாது. நாம் "எல்லாம் சரியா இருக்கு சார்" என்றால் அவரிடமிருந்து வருகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்:

"மீட்டர் சொல்லுச்சா, மனசு சொல்லுச்சா?"

அவரிடம் நான் கற்றுக்கொண்டது இதுதான்: யூனிட்டைத் தூக்கி வைத்து ஒயரைச் சொருகினால் வேலை முடிந்தது என்று நினைப்பவன் கம்ப்ரஸரைக் கொல்பவன். லாரியில் ஆடாமல் இருக்க கம்ப்ரஸரின் காலடியில் போட்டு அனுப்பும் போல்ட்டைக் கழற்றினோமா? ஒயரின் உறை எங்கேயாவது கிழிந்து கரண்ட் கசிகிறதா என்று மெக்கர் போட்டுப் பார்த்தோமா? எர்த் உண்மையிலேயே மண்ணுக்குள் போகிறதா? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் ஸ்விட்சில் கை வைக்கக் கூடாது.

எர்த் என்றதும் கணியம்பாடி கல்யாண மண்டபம் ஞாபகம் வருகிறது. எர்த் ஒயரைத் தேடிக்கொண்டு போனேன், அது சமையல்கட்டு ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. "கம்பி செவுத்துல கீது, செவுரு மண்ணுல கீது, அப்புறம் இன்னா?" என்றார் மண்டபக்காரர். குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி ஒழுங்காக எர்த் போடும்வரை நான் பாயைப் போட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதல் முகூர்த்தத்தில் ஹால் குளுகுளுவென்று இருந்தது. எனக்குத் தனி இலை போட்டுப் பரிமாறினார்கள்.

இவ்வளவு செய்தும் ஸ்டார்ட் பட்டன் என் கைக்கு வரவில்லை. எங்கள் கம்பெனியில் யூனிட்டை முதல் தடவை ஓட்டுகிறவர் அன்வர் சார் ஒருவர்தான். கல்யாணத்துக்குச் சமைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போகிற மாதிரி, நான் எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டு ஒதுங்கி நிற்பேன். அதுதான் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் ஆம்பூர் வேலை வந்தது. ஒரு பெரிய ஷூ கம்பெனி, அதன் பின்பக்கமே அவர்களுடைய டேனரி, தோல் பதனிடும் இடம். வெளிநாட்டுக்காரர்கள் வாங்கும் தோலைச் சோதித்துப் பார்க்க டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் நடுவில் ஓர் அறை கட்டியிருந்தார்கள். தோல் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் இறுகும். அதனால் அந்த அறையில் மே மாதமானாலும் மார்கழி விடியற்காலையானாலும் இருபத்து மூன்று டிகிரிதான் இருக்க வேண்டும். குளிரும் சூடும் ஒரே இயந்திரத்திலிருந்து வருகிற பெரிய யூனிட் ஒன்று வந்து இறங்கியது. கம்ப்ரஸரே ஓர் ஆள் இடுப்பு உயரம்.

அன்வர் சார் என்னைக் கூப்பிட்டார். "இத நீ ஸ்டார்ட் பண்ற. நல்லா ஓடிச்சுன்னா இனிமே ராணிப்பேட்டைலேர்ந்து ஆம்பூர் வரைக்கும் ஸ்டார்ட்டிங் வேலை உன்னுது. கம்ப்ரஸர் போச்சுன்னா நீ திரும்பவும் கவுண்ட்டர்ல உக்காரணும். மொதலாளி அப்படிப் பேசித்தான் ஒத்துக்கினாரு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கவுண்ட்டரை நினைத்தால் பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் என்று முடிவு செய்திருந்தார்கள். வியாழக்கிழமையே நான் எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன். போல்ட், மெக்கர், எர்த், ஒவ்வொரு முனையின் இறுக்கம், ஒன்றையும் விடவில்லை. கடைசியில் ஃபேஸ் வரிசை. பெரிய மோட்டாருக்கு வருகிற கரண்ட் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று ஒயரில் வரும். அந்த வரிசையில் வந்தால் மோட்டார் ஒரு பக்கம் சுற்றும், ஏதாவது இரண்டு இடம் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும். எங்கள் கம்ப்ரஸர் ஒரு பக்கம் சுற்றுவதற்கென்றே செய்தது. எதிர்ப்பக்கம் சுற்றினால் கேஸை அழுத்தாமல் கடகடவென்று கத்தி, உள்ளுக்குள்ளேயே வெந்து போகும். இந்தக் காலத்து யூனிட்டில் இருக்கிற காவல் அதில் கிடையாது. ஃபேஸ் மீட்டரில் சின்ன வட்டத் தகடு ஒன்று இருக்கும். அது அம்புக்குறி காட்டும் பக்கம் சுற்றினால் வரிசை சரி என்று அர்த்தம். சரியாகச் சுற்றியது.

அடுத்து, கம்ப்ரஸரின் அடியில் இருக்கும் ஹீட்டரைப் போட்டேன். சும்மா நிற்கிற கம்ப்ரஸரில் கேஸ் எண்ணெயோடு கலந்து அடியில் தங்கிவிடும். பல மணி நேரம் அடியைச் சூடாக வைத்தால்தான் அது பிரியும். இல்லாவிட்டால் ஸ்டார்ட் பண்ணியதுமே எண்ணெய் நுரைத்துக்கொண்டு வெளியே ஓடிவிடும், உள்ளே இரும்பும் இரும்பும் தேயும். ஹீட்டருக்குத் தனி லைன். யூனிட்டின் மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்து என் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை போனால் ஷாமியானா கட்டியாகிவிட்டது. தட்டுகளில் பேரீச்சம்பழம், நுழைவாயிலில் மல்லிகைச் சரம். தோல் வாங்க வந்திருந்த இத்தாலிக்காரர் சாயங்காலம் சென்னைக்குக் கிளம்ப வேண்டும் என்று மேனேஜர் இம்தியாஸ் பரபரத்துக்கொண்டிருந்தார். நான் நேராக யூனிட்டுக்குப் போய் கம்ப்ரஸரின் அடியில் கை வைத்தேன்.

சில்லென்று இருந்தது.

போர்டுக்கு ஓடினேன். ஹீட்டர் லைனின் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் பொக்கை வாயாக இருந்தது. பக்கத்தில் டேனரி எலக்ட்ரீஷியன் முனுசாமி அண்ணன் நிம்மதியாக பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அந்த டேனரியில் அவர் வைத்ததுதான் கரண்ட்.

"அண்ணா, இந்த ஃபியூஸ் எங்க?"

"இதோ கீதும்மா" என்று காக்கி டவுசர் பையைத் தட்டிக் காட்டினார்.

"எப்பத்திலேர்ந்து பையில கீது?"

"காலைல டிரம்மு மோட்டார் மாத்தினேன். வேலை செய்யறப்ப எவனாவது போட்டுடப் போறான்னு எல்லா ஃபியூசயும் புடுங்கி வெச்சேன். மத்தத மாட்டிட்டேன், இத மட்டும் மறந்துட்டேன். டீக்கு வேற போயிட்டனா..."

எங்கள் பக்கத்து எலக்ட்ரீஷியன்களுக்கு டவுசர் பைதான் பூட்டு. ஃபியூசைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டால் உலகமே ஆஃப் ஆகிவிட்டது என்று ஒரு நம்பிக்கை. அதுவரை பரவாயில்லை. ஆனால் "டிரம்மு மோட்டார் மாத்தினேன்" என்றாரே, அதுதான் என் காதில் ஒட்டிக்கொண்டது.

டேனரியில் டிரம் என்றால் ஒரு வீடு உயரத்துக்கு நிற்கும் மர உருளை. உள்ளே தோலும் சுண்ணாம்புத் தண்ணீரும் போட்டுச் சுற்ற விடுவார்கள். உள்பக்கத்துப் பலகைகள் ஒரு பக்கமாகச் சுற்றினால்தான் தோலை அள்ளித் தூக்கும். எங்கள் யூனிட்டுக்குக் கரண்ட் வரும் அதே போர்டிலிருந்துதான் ஒரு டிரம்முக்கும் போகிறது.

"மோட்டார் மாத்தினதும் டிரம் எதிர்ப்பக்கம் சுத்திச்சா?"

"ஆமாம்மா. உனக்கெப்படித் தெரியும்? ரெண்டு ஒயர மாத்தி விட்டேன், சரியாப் போச்சு."

"எங்க மாத்தினீங்க?"

"இங்கதான், போர்டுக்கு உள்ள வர்ற மெயின் ஒயர்ல. மேல மோட்டார்கிட்ட எல்லாம் சுண்ணாம்புத் தண்ணி, யாரு மறுபடி ஏர்றது? நாங்க எப்பவுமே இங்கதான் மாத்துவோம்."

மீட்டரைப் போட்டேன். நேற்று அம்புக்குறிப் பக்கம் சுற்றிய தகடு, பின்பக்கமாகச் சுற்றியது. நேற்றே பார்த்தாகிவிட்டது என்று நான் சும்மா இருந்திருந்தால், ஜும்ஆ முடிந்து பட்டனை அழுத்தியிருப்பார்கள், என் வாழ்க்கையும் கம்ப்ரஸரோடு சேர்ந்து வெந்திருக்கும்.

இம்தியாஸிடம் சொன்னேன். அவர் விவரமான ஆள்தான், உடனே வழியும் சொன்னார். "உங்க யூனிட் பக்கத்துல ரெண்டு ஒயர மாத்திட்டா முடிஞ்சுது இல்ல மேடம்? சின்ன வேலை. எதுக்கு இவ்ளோ பேஜார்?"

அவர் சொன்னது தப்பே இல்லை. மாற்றினால் யூனிட் ஓடும். அதற்குள் வந்து சேர்ந்திருந்த அன்வர் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார். ஸ்டார்ட் பண்ணுகிறவள் நான், பேச வேண்டியவளும் நான்.

"மாத்தினா இன்னிக்கு ஓடும் சார்" என்றேன். "அடுத்த தடவ டிரம் மோட்டார் போனா அண்ணன் மறுபடி போர்டுல மாத்துவாரு. அன்னிக்கு நான் இங்க இருக்க மாட்டேன். உங்க கம்ப்ரஸர் பின்பக்கம் சுத்தும். போர்டு சரியா இருக்கணும். மாத்தறது டிரம்கிட்டதான் மாத்தணும். இன்னொண்ணு, கம்ப்ரஸர் அடி சில்லுனு கிடக்குது. அது சூடேறுற வரைக்கும் நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேன். ஜும்ஆ முடிஞ்சதும் ஆவாது."

"ஆவாதுன்னா? இன்விடேஷன் கார்டு அடிச்சுக் குடுத்தாச்சு மேடம்! கெஸ்ட் கிளம்பணும். அன்வர் பாய், நீங்களாவது சொல்லுங்க."

"ஸ்டார்ட்டிங் அவங்கதான் பாய்" என்றார் அன்வர் சார். அதைவிடப் பெரிய பட்டத்தை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

சத்தம் கேட்டு ஷூ கம்பெனி முதலாளி ஹாஜியாரே வந்துவிட்டார். வயசானவர், தொழுகைக்குப் புறப்பட்டு அத்தர் மணக்க நின்றார். இம்தியாஸ் படபடவென்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஹாஜியார் என்னைப் பார்த்தார்.

"நான் தொட்டுப் பாக்கலாமாம்மா?"

குனிந்து கம்ப்ரஸரின் அடியில் கை வைத்தார். "சில்லுனுதான் இருக்குது. எப்படி இருக்கணும்?"

"சோறு வடிச்சு எறக்கி வெச்ச பானை மாதிரி இருக்கணும் ஐயா. கை வெச்சா வெச்சபடியே இருக்கலாம், ஆனா சூடு தெரியணும்."

"எப்ப அப்படி ஆவும்?"

"இப்ப ஹீட்டர் போட்டா சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் ஆவும்."

ஹாஜியார் நிமிர்ந்து கர்ச்சீப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். நான் கவுண்ட்டரையும் அதன் பின்னாலிருக்கும் மர ஸ்டூலையும் மனதில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திறப்பு விழா துஆவ ஜும்ஆக்கு அப்புறமே கேட்டுக்கலாம்" என்றார். "பட்டன அஸருக்கு அப்புறம் அழுத்தலாம். அல்லாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"கெஸ்ட்?" என்றார் இம்தியாஸ்.

"பிரியாணி போடு. அவரு எங்கயும் போமாட்டாரு."

ஹீட்டர் ஃபியூசை மாட்டிவிட்டு டிரம்முக்கு நடந்தேன். உள்ளே தோல் கிடப்பதால் ரொம்ப நேரம் நிறுத்தக் கூடாது என்று முனுசாமி அண்ணன் பின்னாலேயே புலம்பிக்கொண்டு வந்தார். டிரம் லைனின் ஃபியூசைப் பிடுங்கி, வழக்கம்போலப் பையில் போட்டுக்கொண்டார். நான் ஸ்விட்சை ஆஃப் செய்து அதற்கும் ஒரு பூட்டைப் போட்டேன்.

"அதான் பையில கீதே, அப்புறம் பூட்டு எதுக்கும்மா?"

"அண்ணா, காலைல உங்க பை டீக்கடைக்குப் போயிடுச்சு. பூட்டு எங்கயும் போவாது."

சிரித்துவிட்டார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், நல்ல மனுஷன். ஏணியைப் பிடித்துக்கொண்டு, "வழுக்கும், பாத்து" என்று பத்துத் தடவை சொன்னார். மேலே சுண்ணாம்பு பாறையாகப் படிந்திருந்தது. அழுகின முட்டை நாற்றம் மூக்கைத் துளைத்தது. மோட்டாரின் ஒயர்ப் பெட்டி மூடியைக் கழற்றுவதற்குள் என் காக்கிச் சட்டை வெள்ளையாகிவிட்டது. கரண்ட் இல்லை என்று மீட்டரில் பார்த்துக்கொண்டு, இரண்டு ஒயரை இடம் மாற்றி இறுக்கி, தண்ணீர் போகாதபடி புது ரப்பரும் கிரீஸும் வைத்து மூடினேன். கீழே இறங்கி, போர்டுக்கு வரும் மெயின் லைனையே ஆஃப் செய்து பூட்டிவிட்டு, அவர் மாற்றியிருந்ததைப் பழையபடி சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வரிசையில் கட்டினேன்.

பூட்டைத் திறந்து கரண்ட் விட்டேன். மீட்டர்த் தகடு அம்புக்குறிப் பக்கம் சுற்றியது. டிரம் முனகிக்கொண்டு திரும்பி, தோலை அள்ளித் தூக்கியது. டேனரி ஆட்கள் கைதட்டினார்கள்.

"இத்தினி வருஷத்துல ஒயர் மாத்த ஒருத்தனும் மேல ஏறினதில்லம்மா" என்றார் முனுசாமி அண்ணன். அதற்குப் பிறகு மேலே ஏறித்தான் மாற்றினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் வந்தார்கள். கம்ப்ரஸரின் அடியில் கை வைத்தேன். இளஞ்சூடு உள்ளங்கை முழுக்கப் பரவியது. அன்வர் சாரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"நான் எதுக்கு? நீ பாத்துட்ட இல்ல?" என்று சொல்லிவிட்டார்.

என் பூட்டைத் திறந்தேன். முதலில் ஃபேன், காற்று சரியான பக்கம் வந்தது. பிறகு ஹாஜியார் பிஸ்மில்லா சொல்லி பட்டனை அழுத்தினார். கம்ப்ரஸர் ஒரு தடவை குலுங்கி, கம்மென்று ஓட ஆரம்பித்தது. என் பிரஷர் கேஜில் ஒரு முள் ஏறியது, இன்னொரு முள் இறங்கியது. ஒரு கம்ப்ரஸர் ஆரோக்கியமாக இருக்கிறது என்பதற்கு அதைவிட அழகான காட்சி கிடையாது. அறை குளிர்ந்தது. பிறகு சூட்டுக்கு மாற்றினேன். உள்ளே வால்வு டக்கென்று திரும்பி, புஸ்ஸென்று கேஸ் திசை மாறியது. குளிர்காற்று வந்த அதே வாயிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்ததும் இத்தாலிக்காரர் இரண்டு கையையும் நீட்டி நின்று, குழந்தை மாதிரி சிரித்தார். பிரியாணி வேறு உள்ளே போயிருந்தது. தெர்மாமீட்டர் இருபத்து மூன்றுக்கு வந்து, அங்கேயே நின்றது.

அன்வர் சார் ஷாமியானாவுக்கு வெளியே போய் எங்கள் முதலாளிக்குப் போன் பண்ணினார். "ஓடுது சார், ஜோரா ஓடுது" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "நானா? நான் சும்மா நின்னுனு இருந்தேன். வசந்தா பண்ணா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சுண்ணாம்பு கண்ணில் பட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு நான் கவுண்ட்டரில் உட்காரவில்லை. ஹாஜியார் பேரணாம்பட்டில் இரண்டாவது ஃபேக்டரி கட்டியபோது எங்கள் ஆபீசுக்கு அவரே போன் பண்ணினார். "அந்த அம்மாவையே அனுப்புங்க. கார்டுல டைம் போடாம வெச்சிருக்கேன். அவங்க சொன்னதுக்கு அப்புறம்தான் பிரிண்டிங்குக்குப் போவும்" என்றார்.

சேதி அப்படியே தோல்ஷாப்புகள் எல்லாவற்றிலும் பரவிவிட்டது. ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரைக்கும் யார் புது யூனிட் வாங்கினாலும், பத்திரிகை அடிப்பதற்கு முன் என்னைக் கேட்பார்கள். ஒரு தடவை மேல்விஷாரத்திலிருந்து பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருவர் கூப்பிட்டு, துஆவை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று விசாரித்தார். இன்னொரு தடவை கூப்பிட்டவர் குடியாத்தத்து ஜோசியர்.

"வெள்ளிக்கிழமைக்கு மூணு நல்ல நேரம் எழுதி வெச்சிருக்கேம்மா" என்றார். "இதுல எது ஆவும்னு நீயே சொல்லிடு."